பிறர் செய்தியோடையை நம் தளத்தில் காட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் சிறிய தளங்களை நடத்துகிறவர்களுக்காக எழுதப்பட்டது: ஊர்ச் சங்கம், நூலகம், முன்னாள் மாணவர் மன்றம், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம், இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் இணைய இதழ். முகப்பின் ஓரத்தில் 'இன்றைய செய்திகள்' என்று ஒரு பெட்டி வேண்டும், அது தானாகவே புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று இவர்கள் எல்லோருமே ஒரு கட்டத்தில் கேட்கிறார்கள். பெட்டியை வைப்பது அரைமணி வேலை. அதைக் கெடாமல் பார்த்துக்கொள்வதற்கும், செய்தியை எழுதியவர்களிடம் நியாயமாக நடந்துகொள்வதற்கும்தான் யோசனை தேவை. அதனால் பதில்களில் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

செய்தியோடை என்றால் என்ன?

ஒரு தளம் தன் அண்மைப் பதிவுகளின் பட்டியலை நிரல்கள் படிப்பதற்கு ஏற்ற கோப்பாக வெளியிடுகிறது. அதுதான் செய்தியோடை. ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, இணைப்பு, சுருக்கம், வெளியான நேரம், ஓர் அடையாளக் குறி ஆகியவை அதில் இருக்கும். மெனு, விளம்பரம், வடிவமைப்பு எதுவும் இருக்காது. பக்கத்தையே சுரண்டி எடுத்தால், அந்தத் தளம் தன் தோற்றத்தை மாற்றும் நாளில் உங்கள் பெட்டி உடைந்துபோகும். ஓடை அப்படி உடையாது. அதோடு, பதிப்பாளரே முன்வந்து கொடுப்பது என்பதால் எடுத்துக்கொள்ளும் முறையிலும் ஒரு மரியாதை இருக்கிறது.

ஆர்எஸ்எஸ் (RSS), ஆட்டம் (Atom), ஜேசன் ஃபீட் (JSON Feed) என்று மூன்று ஓடை வடிவங்களைச் சொல்கிறார்களே, எதைத் தேர்ந்தெடுப்பது?

காட்டுகிறவருக்கு எது கிடைத்தாலும் சரிதான். நல்ல நிரல் நூலகம் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) எதுவாக இருந்தாலும் ஆர்எஸ்எஸ்ஸையும் ஆட்டத்தையும் ஒரே மாதிரி படித்துக் கொடுத்துவிடும். வேர்ட்பிரஸ்ஸுக்குள் இருக்கும் சிம்பிள்பை, பைத்தானின் ஃபீட்பார்சர் இரண்டும் அப்படித்தான்.

ஆனாலும் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் 'மை நெட்ஸ்கேப்' என்ற முகப்புப் பக்கத்துக்காக ஆர்எஸ்எஸ்ஸின் முதல் வடிவத்தை வெளியிட்டது. உருவாக்கியவர்கள் டான் லிபியும், சென்னை ஐஐடியில் இயந்திரவியல் படித்த ஆர்.வி. குஹாவும். பிற தளங்களின் தலைப்புகளை ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டுவதுதான் அதன் நோக்கமே. இன்று நீங்கள் கேட்கும் அந்த ஓரப்பெட்டிக்காகவே பிறந்த வடிவம் அது. அப்புறம் வந்த ஆண்டுகளில் இரண்டு கிளைகள் பிரிந்தன: 2000 டிசம்பரில் ஆர்எஸ்எஸ் 1.0, 2002 செப்டம்பரில் டேவ் வைனரின் ஆர்எஸ்எஸ் 2.0. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே ஆட்டம் உருவாகி, 2005 டிசம்பரில் ஆர்எஃப்சி 4287 என்ற தரநிலையாக வெளியானது. ஜேசன் ஃபீட் 2017இல் வந்தது.

தமிழில் இந்தத் தொழில்நுட்பத்தின் அருமையை முதலில் காட்டியவை வலைப்பதிவுத் திரட்டிகள். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், எங்கெங்கோ எழுதிக்கொண்டிருந்தவர்களின் புதிய பதிவுகளை ஓடைவழி திரட்டி ஒரே பக்கத்தில் காட்டியது. வாசகர் தலைப்பைப் பார்ப்பார், சொடுக்குவார், எழுதியவரின் தளத்துக்கே போய்விடுவார். திரட்டி, எழுதியவர் இரண்டு பேரும் வளர்ந்தார்கள். ஒரு செய்திப் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இன்றும் நான் காட்டுகிற முன்மாதிரி அதுதான்.

ஓடையின் முகவரியை எங்கே கண்டுபிடிப்பது?

வேர்ட்பிரஸ் தளமென்றால் முகவரியின் கடைசியில் 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சாய்கோட்டுடன் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். மற்ற தளங்களில் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து தலைப்பகுதியில் ஆர்எஸ்எஸ் அல்லது ஆட்டம் என்று தேடுங்கள். ஓடை இருந்தால் அங்கே அதன் முகவரியை அறிவித்திருப்பார்கள். ஒரு காலத்தில் உலாவிகளே ஆரஞ்சு நிறச் சின்னத்தைக் காட்டிவந்தன. ஃபயர்ஃபாக்ஸ்கூட 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்போடு ஓடை வசதியை எடுத்துவிட்டதால் இப்போது நாமேதான் தேட வேண்டியிருக்கிறது.

நாளிதழ்களோடு நின்றுவிடாதீர்கள். பத்திரிகைத் தகவல் அலுவலகம், ரிசர்வ் வங்கி போன்ற அரசு அமைப்புகள் ஓடை தருகின்றன. ஒவ்வொரு யூடியூப் சேனலுக்கும் அண்மைக் காணொளிகள் 15ஐத் தரும் ஆட்டம் ஓடை உண்டு. பாட்காஸ்ட்டுகளில் பெரும்பாலானவை ஆர்எஸ்எஸ் மேல்தான் ஓடுகின்றன. ஊர் நூலகத்தின் தளத்துக்குப் பரபரப்புச் செய்திகளைவிட இவை பொருத்தமாக இருக்கலாம்.

சர்வர் பக்கம் போகாமல், ஜாவாஸ்கிரிப்டிலேயே ஓடையைப் படித்துக் காட்ட முடியாதா?

பெரும்பாலும் முடியாது. ஒரு தளத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் வேறொரு தளத்தின் கோப்பைப் படிப்பதை, அந்தத் தளம் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, உலாவி தடுத்துவிடும். 'கோர்ஸ் பிழை' என்று உலாவியின் பிழைப் பட்டியலில் வருவது இதுதான். செய்தித்தளங்கள் பொதுவாக அந்த அனுமதியைத் தருவதில்லை. இடையில் இருந்து எடுத்துத் தரும் இலவச இடைமாற்றிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை நடத்துவது யார், நாளைக்கு இருப்பார்களா, வழியில் எதையாவது சேர்ப்பார்களா என்று நமக்குத் தெரியாது.

சரியான வழி: உங்கள் சர்வர் ஓடையை எடுக்கட்டும், சுத்தம் செய்யட்டும், சேமித்து வைக்கட்டும். வாசகரின் உலாவிக்கு அந்தச் சேமிப்பிலிருந்து மட்டும் போகட்டும்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓடையை எடுக்கலாம்?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் முகப்பை ஒருநாளில் 5,000 முறை பார்க்கிறார்கள், பெட்டியில் 4 ஓடைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் ஓடையை எடுத்தால் பிறர் சர்வர்களை ஒருநாளில் 20,000 முறை தட்டுகிறீர்கள். அரைமணிக்கு ஒருமுறை எடுத்துச் சேமித்தால் அது 192தான். வாசகருக்குத் தெரியும் செய்தியில் எந்த வித்தியாசமும் இருக்காது.

அரைமணி நாளிதழ்களுக்குப் போதும். வாரம் இரண்டு பதிவு போடும் வலைப்பதிவுக்கு ஒருநாளில் இரண்டு முறை தாராளம். வேர்ட்பிரஸ்ஸின் உள்ளமைந்த ஓடை வசதி தானாகவே 12 மணிநேரம் சேமித்து வைக்கிறது. 'காலையில் வந்த செய்தி ஏன் இன்னும் வரவில்லை' என்ற புகார்களில் பல இங்கிருந்து கிளம்புகின்றன. ஒரு வடிகட்டி வழியாக அந்த நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த படி, 'மாறியிருந்தால் மட்டும் கொடு' என்று கேட்பது. முதல்முறை ஓடை வரும்போது சர்வர் அதனுடன் ஈ-டேக் என்ற குறியையோ கடைசியாக மாறிய நேரத்தையோ அனுப்பும். அடுத்த முறை அதைத் திருப்பிக் காட்டிக் கேட்டால், எதுவும் மாறவில்லை என்றால் 304 என்ற பதில் மட்டும் வரும், கோப்பு வராது. இரு பக்கமும் மிச்சம். நல்ல நூலகங்கள் இதைத் தானாகவே செய்யும். நீங்களே நிரல் எழுதினால் இதைச் சேர்க்காமல் விடாதீர்கள்.

இன்னொன்று. வாசகர் காத்திருக்கும்போது ஓடையை எடுக்கப் போகாதீர்கள். அந்தப் பக்கத்துச் சர்வர் தூங்கிவிட்டால் உங்கள் முகப்பும் சேர்ந்து தொங்கும். கிரான் வேலையாக (குறித்த நேரத்தில் சர்வர் தானே ஓட்டும் வேலை) பின்னணியில் எடுக்கட்டும். சில நொடிகளில் பதில் வராவிட்டால் கைவிட்டுவிடட்டும். வேர்ட்பிரஸ்ஸின் சொந்தக் கிரான், யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். வருகை குறைந்த தளங்கள் ஹோஸ்டிங் தரும் உண்மையான கிரானை அமைத்துக்கொள்வது நல்லது.

வேறொரு நிறுவனம் தரும் ஆயத்தப் பெட்டியை, அதாவது இலவச விட்ஜெட் ஒன்றை, ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?

இப்போதைக்கு இல்லை. ஆனால் இந்தத் துறையில் இலவசச் சேவைகளின் ஆயுள் எப்படி என்பதைப் பாருங்கள். ஓடைகளைக் கலந்து தந்த யாஹூ பைப்ஸ் 2007இல் வந்தது, 2015இல் மூடப்பட்டது. ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2005இல் வந்தது, 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. பெரிய நிறுவனங்களே இப்படியென்றால் பெயர் தெரியாத விட்ஜெட்டை நம்பி முகப்பைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. தவிர, அந்த விட்ஜெட் உங்கள் பக்கத்தில் ஓர் அந்நிய ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. உங்கள் வாசகர்களைப் பின்தொடரவும் அதனால் முடியும், விளம்பரம் நுழைக்கவும் முடியும்.

தமிழ்த் தலைப்புகளை வெட்டினால் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வருகிறதே?

ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட பிளகின்கள் தமிழில் சறுக்குகிற இடம் இதுதான்.

'தமிழ்நாடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அதில் 5 எழுத்து: த, மி, ழ், நா, டு. யூனிகோடு கணக்கில் 9 குறிகள், ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் காலும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 27 பைட். 'தலைப்பை 80க்குள் வெட்டு' என்று ஒரு பிளகினிடம் சொன்னால் அது இந்த மூன்றில் எதை எண்ணுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

பைட்டாக எண்ணினால் ஒரு குறியின் நடுவிலேயே வெட்டு விழும். நீங்கள் பார்த்த கேள்விக்குறி அதனால் வருவதுதான். அதோடு போனால் பரவாயில்லை. அந்த உடைந்த வரியை ஜேசன் என்ற தரவு வடிவமாக மாற்றப் போனால் மாற்றமே தோற்றுப்போய்ப் பெட்டி முழுக்க வெறுமையாகிவிடலாம். குறியாக எண்ணினால் கேள்விக்குறி வராது, ஆனால் 'தமிழ்' என்பது 'தமிழ' என்று புள்ளி இழந்து நிற்கும், 'கோயில்' என்பது 'க' என்று சுருங்கும். மூன்றாவது வழியாக, மனிதர் எண்ணுவதுபோல முழு எழுத்தாக எண்ணும் செயற்கூறுகள் இருக்கின்றன. பிஎச்பியில் இன்ட்ல் (intl) என்ற நீட்சி இதைத் தருகிறது, ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter).

எனக்குப் பிடித்தது அதைவிட எளிய வழி: எழுத்தை எண்ணவே வேண்டாம். சுருக்கத்தைச் சொல் எண்ணிக்கையால் வெட்டுங்கள். தலைப்பை வெட்டாமல் முழுதாக அனுப்பி, இரண்டு வரிக்கு மேல் போனால் மறைக்கும்படி, தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள். தமிழ்த் தலைப்புகள் ஆங்கிலத்தைவிட நீளமானவை, எழுத்துகளும் மேலும் கீழும் இடம் கேட்பவை. பெட்டிக்கு நிலையான உயரம் வைத்து வரியிடைவெளியை நெருக்கினால் கொம்பும் சுழியும் வெட்டுப்படும்.

தலைப்பில் மேற்கோள்குறிக்குப் பதில் &#8220; என்று வந்தால் அது வேறு கோளாறு. ஒருமுறை மாற்றப்பட்ட குறியீடு இன்னொரு முறை மாற்றப்பட்டிருக்கிறது. ஆர்எஸ்எஸ் 2.0இல் தலைப்பு வெறும் உரையா எச்டிஎம்எல்லா என்று தெளிவாகச் சொல்ல வழியில்லாததால் வருவது இது. ஆட்டத்தில் அதைக் குறிப்பிடவே ஒரு பண்பு உண்டு.

நேரம் தப்பாகக் காட்டுகிறது. ஏன்?

ஓடைகளில் பல கிரீன்விச் நேரத்தைத் தருகின்றன. இந்தியாவும் இலங்கையும் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். செவ்வாய் இரவு 7 மணி கிரீன்விச் என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் புதன் நள்ளிரவு 12:30. நேரத்தோடு வரும் மண்டலக் குறிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் தேதியை மட்டும் காட்டும் பிளகின்கள் ஒருநாள் முந்திய தேதியைப் போட்டுவிடும். எல்லாவற்றையும் உலக நேரத்தில் சேமித்து, காட்டும்போது மட்டும் மாற்றுங்கள். உங்கள் வாசகர்கள் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருந்தால் '3 மணிநேரம் முன்பு' என்று காட்டுவது எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் அந்தக் கணக்கை வாசகரின் உலாவியில் போட வேண்டும். கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) உறைந்த '3 மணிநேரம் முன்பு' மறுநாளும் அப்படியே நிற்கும்.

தெரிந்த நாளிதழின் ஓடைதானே, அதில் என்ன ஆபத்து?

ஓடையில் வரும் எதுவும் உங்கள் எழுத்து இல்லை. அதில் ஒரு ஸ்கிரிப்ட் இருந்து, நீங்கள் அப்படியே பக்கத்தில் கொட்டினால் அது உங்கள் தளத்தின் பெயரில், உங்கள் உறுப்பினர்களின் உள்நுழைவு உரிமையோடு ஓடும். அந்த நாளிதழ் நல்ல எண்ணம் கொண்டதாகவே இருக்கலாம். அதன் தளத்தை வேறு யாராவது உடைத்திருந்தால்? எல்லா எச்டிஎம்எல் குறிகளையும் நீக்கிவிட்டு வெறும் உரையை மட்டும் காட்டுவதே பாதுகாப்பு. இணைப்புகள் எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகின்றனவா என்று பார்த்து, இல்லாதவற்றைத் தள்ளிவிடுங்கள். எக்ஸ்எம்எல் (ஆர்எஸ்எஸ், ஆட்டம் கோப்புகளின் மொழி) படிப்பானில் வெளிக் கோப்புகளை இழுக்கும் வசதி அணைக்கப்பட்டிருக்கட்டும்.

இதைவிட அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. ஒரு சிறு தளம் தன் டொமைனைப் புதுப்பிக்க மறந்துவிடும், வேறொருவர் அதை வாங்கிச் சூதாட்டத் தளம் ஆக்கிவிடுவார். ஓடை முகவரி அதேதான், ஆனால் இப்போது உங்கள் பள்ளித் தளத்தின் முகப்பில் சூதாட்ட விளம்பரம். இதைத் தடுக்க நிரல் எதுவும் போதாது. வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் பெட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை இன்றே முடிவுசெய்யுங்கள்.

வாசகர்களே ஓடை முகவரியைச் சேர்க்கலாம் என்று வசதி கொடுத்தால் கூடுதல் கவனம் வேண்டும். 127.0.0.1 போன்ற உள்முகவரிகளைக் கொடுத்து உங்கள் சர்வருக்குள்ளேயே துழாவ முடியும். அத்தகைய முகவரிகளை மறுத்துவிடுங்கள்.

ஓடை பொதுவெளியில் இருக்கிறது. அப்படியானால் எடுத்துப் போட அனுமதி இருக்கிறது என்றுதானே பொருள்?

இல்லை. படிப்பதற்கு வழி திறந்திருக்கிறது என்பதுதான் பொருள். மறுபதிப்புக்கு அனுமதி தனி.

நிகழ்ந்த உண்மை யாருக்கும் சொந்தமில்லை. அன்றாடச் செய்திகளுக்கும் வெறும் தகவல்களுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு பொருந்தாது என்று பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையே சொல்கிறது. ஆனால் அந்த உண்மையை ஒரு நிருபர் எழுதிய விதத்துக்கு உரிமை உண்டு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நடப்பு நிகழ்வுகளைச் செய்தியாக்குவதற்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் நியாயமான பயன்பாட்டை ஏற்கிறது. பிறர் செய்தியின் முதல் பத்தியை நாள்தோறும் தானியங்கியாக அடுக்கிக்கொண்டே போவது அந்த விலக்குக்குள் அடங்கும் என்று நான் துணிந்து சொல்ல மாட்டேன்.

நடந்த வழக்குகளைப் பாருங்கள். 2008 டிசம்பரில் கேட்ஹவுஸ் மீடியா என்ற நிறுவனம், பாஸ்டன்.காம் தளத்தை வைத்திருந்த நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின்மீது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வழக்குப் போட்டது. கேட்ஹவுஸின் ஊர்ச்செய்தித் தளங்களிலிருந்து தலைப்பையும் முதல் வாக்கியத்தையும் எடுத்து, பாஸ்டன்.காம் தன் ஊர்ப் பக்கங்களில் காட்டியது என்பதே புகார். எடுக்கப்பட்டது அவ்வளவுதான், கூடவே மூலத்துக்கு இணைப்பும் இருந்தது. 2009 ஜனவரியில் விசாரணைக்கு முன்பே சமரசமாகி, அந்தத் தலைப்புகளையும் முதல் வாக்கியங்களையும் எடுத்துவிட நியூயார்க் டைம்ஸ் ஒப்புக்கொண்டது. நான்கு ஆண்டு கழித்து, 2013 மார்ச்சில், அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி முகமை மெல்ட்வாட்டர் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், செய்தித் துணுக்குகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர்களுக்குத் தருவது நியாயமான பயன்பாடு ஆகாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் துணுக்குகளைப் பார்த்தவர்கள் மூலச் செய்திக்குப் போவது மிக அரிது என்பதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. தமிழ்மணத்தைப் பற்றி மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். வாசகர் மூலத்துக்குப் போகிறாரா, உங்கள் பெட்டியோடு நின்றுவிடுகிறாரா என்பதுதான் நியாயத்தின் மையம்.

ஐரோப்பாவில் வெறும் இணைப்புக்குச் சிக்கல் குறைவு. எல்லோருக்கும் திறந்திருக்கும் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்க அனுமதி தேவையில்லை என்று 2014 பிப்ரவரியில் ஸ்வென்சன் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. துணுக்கு அப்படியல்ல. 2019ஆம் ஆண்டின் பதிப்புரிமை நெறிமுறை, தன் 15ஆம் உறுப்பில் செய்திப் பதிப்பாளர்களுக்குத் தனி உரிமை கொடுத்தது. இணைப்புகளும் தனிச் சொற்களும் மிகச் சிறிய பகுதிகளும் அதற்கு விலக்கு. பாரிஸிலோ ஜெர்மனியிலோ இருந்து தமிழ்த் தளம் நடத்துகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

நடைமுறையில் நான் சொல்வது இது: தலைப்பு, மூலத்தின் பெயர், நேரம், இணைப்பு ஆகிய நான்கை மட்டும் காட்டுங்கள். சுருக்கம் வேண்டுமானால் அந்தத் தளத்தின் நிபந்தனைப் பக்கத்தைப் படியுங்கள். சிலர் தனிப்பட்ட வாசிப்புக்கு மட்டும் என்பார்கள், சிலர் வணிக நோக்கம் கூடாது என்பார்கள். தெளிவில்லை என்றால் ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். சிறு பதிப்பாளர்களுக்கு அப்படிக் கேட்பதே மகிழ்ச்சி தரும். செய்தி திரட்டுவதையே முழு வேலையாகச் செய்யப் போகிறீர்கள் என்றால் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் 'செய்தித் திரட்டி' என்பதற்குத் தனி வரையறையே வைத்திருக்கின்றன.

படங்களையும் சேர்த்துக் காட்டலாமா?

வேண்டாம். நாளிதழில் வரும் படம் பல நேரங்களில் அந்த நாளிதழுக்கே சொந்தமில்லை, செய்தி முகமையிடம் வாங்கியது. அதை உங்களுக்குக் கொடுக்க அவர்களுக்கே உரிமை இருக்காது. அவர்கள் சர்வரிலிருந்து நேரடியாகப் படத்தை இழுத்தால் அவர்கள் செலவில் உங்கள் பக்கம் அழகாகிறது, உங்கள் வாசகர்களின் ஐபி முகவரியும் அங்கே போகிறது.

பழைய செய்திகளை எல்லாம் சேமித்து வைக்கலாம் என்று நினைக்கிறோம்.

தயவுசெய்து யோசியுங்கள். பாலியல் குற்றச் செய்தி ஒன்றில் பாதிக்கப்பட்டவரின் பெயர் தவறுதலாக வந்துவிட்டது, நாளிதழ் ஒருமணி நேரத்தில் திருத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சேமிப்பில் பழைய தலைப்பு அப்படியே இருக்கும். அந்தப் பெயரை வெளியிடுவது இந்தியாவில் குற்றம். முன்பு தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யும் தீங்கு தீங்குதான்.

அதனால் ஒவ்வொரு முறை ஓடை வரும்போதும் அதே அடையாளக் குறியுள்ள செய்தியின் தலைப்பை மறுபடி எழுதுங்கள். 'ஏற்கெனவே இருக்கிறது' என்று தாண்டிப் போகாதீர்கள். சில நாள் ஆனதை அழித்துவிடுங்கள். யாராவது நீக்கச் சொல்லி எழுதினால் போய்ச் சேர ஒரு மின்னஞ்சல் முகவரி பெட்டிக்குக் கீழேயே இருக்கட்டும்.

ஒரே செய்தி இரண்டு மூன்று முறை வருகிறதே?

இணைப்பை வைத்து ஒப்பிடுகிறீர்கள் போலிருக்கிறது. முகவரியின் வாலில் பின்தொடர்வுக் குறிகள் மாறினாலும், ஆசிரியர் தலைப்பைத் திருத்தி முகவரி மாறினாலும் அது புதுச் செய்தியாகத் தெரியும். ஓடையில் உள்ள அடையாளக் குறியை வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு நாளிதழ்கள் ஒரே முகமைச் செய்தியைப் போட்டிருந்தால் அது வேறு விஷயம். அதை நிரலால் தீர்க்க முயலாமல், ஒவ்வொரு மூலத்துக்கும் ஐந்து தலைப்பு என்று வரம்பு வைத்துத் தனித்தனியாகக் காட்டினால் போதும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வெளியிடும் பெரிய தளம், வாரம் ஒன்று எழுதும் சிறிய இதழை மூழ்கடிப்பதும் இதனால் நிற்கும்.

ஓடை திடீரென்று நின்றுவிட்டது. பெட்டியில் என்ன காட்டுவது?

கடைசியாக நல்லபடியாக வந்ததை, 'கடைசியாகப் புதுப்பித்தது' என்ற நேரத்துடன் காட்டுங்கள். இரண்டு நாளுக்கு மேல் புதுசாக எதுவும் கிடைக்காவிட்டால் பெட்டியையே மறைத்துவிட்டு உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும்படி செய்யுங்கள். ஆறுமாதப் பழைய 'இன்றைய செய்திகள்' ஒரு தளத்தின்மேல் உள்ள நம்பிக்கையை அரித்துவிடும். அதைவிட ஓரம் காலியாக இருப்பது மேல்.

நின்றதற்கான காரணங்களில் அடிக்கடி பார்ப்பவை: கோப்பின் முதல் வரிக்கு மேலே ஒரு வெற்று வரி புகுந்திருப்பது, தலைப்பில் & குறி மாற்றப்படாமல் இருப்பது. எக்ஸ்எம்எல் இந்த அளவுக்குக்கூட மன்னிக்காது. 403 என்று வந்தால் அவர்கள் உங்கள் நிரலைத் தடுக்கிறார்கள். உலாவிபோல வேடம் போட்டு நுழையாமல், உங்கள் தளத்தின் பெயரையும் முகவரியையும் யூசர் ஏஜென்ட் வரியில் (நிரல் தன்னை அறிமுகப்படுத்தும் வரி) வெளிப்படையாக எழுதி, அவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

புயல், வெள்ள எச்சரிக்கைகளையும் இதே பெட்டியில் காட்டலாமா?

இதே பெட்டியில் கூடாது. அரைமணி கேஷில் இருக்கும் செய்தி பொறுத்துக்கொள்ளும், எச்சரிக்கை பொறுக்காது. பேரிடர் அறிவிப்புகளுக்கென்று சிஏபி என்ற தனி வடிவம் இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சாசெட் தளம் அதைப் பயன்படுத்துகிறது. அதில் எச்சரிக்கை எந்தப் பகுதிக்கு, எவ்வளவு தீவிரம், எப்போது காலாவதி என்பவை தனித்தனிப் புலங்களாக வரும். காலாவதி நேரத்தை மதித்து நீக்கும் ஏற்பாடு உங்களிடம் இல்லையென்றால், முடிந்துபோன சிவப்பு எச்சரிக்கையை நீங்கள் காட்டிக்கொண்டிருப்பீர்கள். அடுத்த முறை உண்மையான எச்சரிக்கை வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள். அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாவிட்டால், அதிகாரபூர்வப் பக்கத்துக்கு ஒரு பெரிய இணைப்பு மட்டும் கொடுங்கள்.

தலைப்புகளை ஓடவிடலாமா?

வேண்டாம். வயதானவர்களால் படிக்க முடியாது, கைபேசியில் சொடுக்க முடியாது. ஐந்து நொடிக்கு மேல் நகரும் எதையும் நிறுத்த ஒரு பொத்தான் வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் விதி. ஆங்கிலத் தலைப்புகள் கலந்து வந்தால் அவற்றுக்கு மொழிக் குறி போடுங்கள், அப்போதுதான் திரைவாசிப்பான் சரியாகப் படிக்கும்.

இதனால் தேடலில் எங்கள் தளம் மேலே வருமா?

வராது. பிறர் எழுத்தை மட்டும் வைத்துப் பக்கங்களைப் பெருக்கினால் கீழே போகவும் வாய்ப்பு உண்டு.

எங்கள் தளத்துக்கும் ஓடை வைக்கலாமா?

கட்டாயம் வையுங்கள். வேர்ட்பிரஸ்ஸிலும் பிளாகரிலும் அது ஏற்கெனவே இருக்கிறது, முழுப்பதிவா சுருக்கமா என்று மட்டும் அமைப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் முழுப்பதிவு பக்கம். உங்களைத் தேடி வந்து ஓடையில் சேர்ந்த வாசகர் விசுவாசமானவர், அவரைப் பாதியில் நிறுத்துவானேன்?

தமிழில் வேர்ட்பிரஸ் தளம் நடத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பதிவின் முகவரியில் தமிழ் எழுத்தை விட்டால் ஒவ்வொரு யூனிகோடு குறியும் 9 எழுத்தாக விரியும். அந்தப் புலத்தில் இடம் 200தான். ஆக 22 குறிகளிலேயே முகவரி வெட்டுப்பட்டு, ஒரே மாதிரித் தொடங்கும் தலைப்புகள் குழம்பும். சின்னதாக ஒரு முகவரியைக் கையாலேயே எழுதிவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றாதீர்கள்.

எங்கள் ஓடையை வேறொரு தளம் முழுக்க எடுத்துத் தன் பெயரில் போடுகிறது. என்ன செய்வது?

முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். தெரியாமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், ஒரு கடிதத்தில் முடிந்துவிடும். அதற்குள் ஓடையைத் தற்காலிகமாகச் சுருக்கமாக மாற்றி, ஒவ்வொரு பதிவின் அடியிலும் எழுதியவர் பெயரையும் மூல இணைப்பையும் தானாகச் சேரும்படி வையுங்கள். எடுத்தால் அதுவும் சேர்ந்தே போகும். பதில் வராவிட்டால் அவர்களின் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதலாம். இந்தியாவில் 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி, அந்தப் பதிவுக்கு இணைப்போ அணுகலோ தரும் இடைநிலையாளருக்கு எழுத்துபூர்வமாகப் புகார் கொடுக்கலாம். எந்தப் பதிவு, அது உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம், எந்த முகவரியில் இருக்கிறது என்று தெளிவாக எழுதுங்கள். புகாரில் திருப்தி இருந்தால் 36 மணிநேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். புகார் அவர்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு பெற்றுத் தராவிட்டால் அவர்கள் அதை மீண்டும் திறந்துவிடலாம். அதனால் புகார் அனுப்பும் நாளிலேயே தேதியைக் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தின் திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துச் சேமித்து வையுங்கள்.